பட்டறை பதில்கள்: காலியில் கத்துது, லோடில் அடங்குது

இந்தத் தடவை டிராக்டர், பைக் கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். பிக்கப் வண்டியின் பின்பக்கச் சத்தம் பற்றியே அஞ்சாறு பேர் எழுதியிருக்கிறீர்கள். மழை விட்டு ரோடெல்லாம் குழியாகிக் கிடக்கிற காலம். ஒட்டன்சத்திரத்தில் என் பட்டறை வாசலிலும் தினமும் இதே கச்சேரிதான். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: பட்டை என்றால் வண்டியின் எடையைப் பின் அச்சில் தாங்குகிற ஸ்பிரிங் தகடு, பல பட்டைகள் சேர்ந்த அடுக்குதான் கட்டு, பட்டையின் நுனியில் இருக்கிற ரப்பர்தான் புஷ்.

கேள்வி: என்னுடையது பொலேரோ பிக்கப், 1.7 டன், 2019 மாடல். 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிப் பொள்ளாச்சிக்குப் போவேன். திரும்பி வரும்போது, வண்டி காலியாக இருந்தால், சின்னக் குழியில்கூடப் பின்னால் இடது பக்கம் 'டக் டக்' என்று அடிக்கிறது. லோடு ஏற்றினால் சத்தமே இல்லை. முதலில் ஒரு பட்டறையில் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள், பலனில்லை. இன்னொரு இடத்தில் பட்டை புஷ் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். இருபது நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. இப்போது மூன்றாவது மெக்கானிக், பட்டைக் கட்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடவா அண்ணே?
— செம்பட்டி வாசகர்

பதில்: மாற்ற வேண்டாம். இருபது நாள் நன்றாக இருந்தது என்று எழுதினீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

லோடில் அடங்கி, காலியில் கத்துகிறது என்றால் எங்கேயோ ஒரு லூஸ் இருக்கிறது என்று அர்த்தம். எடை ஏறினதும் அந்த இடைவெளி ஒரு பக்கமாக அழுந்திக்கொள்கிறது, அசைய இடமில்லை. காலியில் சக்கரம் குழிக்குள் இறங்கும்போது அச்சு கீழே தொங்கும், மேலே வரும்போது லூஸான இடத்தில் இரும்பு இரும்போடு மோதும். பட்டை முறிந்திருந்தால் கதையே வேறு. வண்டி ஒரு பக்கம் சாயும், லோடு ஏற்றினால் சாய்வு இன்னும் கூடும். உங்கள் வண்டி சாய்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியிருக்க முழுக் கட்டு எதற்கு?

ஆனால் புஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தக்காளி ஏற்றுகிற ஒருத்தர் இதே மாதிரி சத்தத்தோடு வந்தார். ஷாக் அப்சார்பர் மாற்றினேன். பட்டையின் பின் நுனியைச் சேசிஸோடு கோக்கிற ஷேக்கிள் தகட்டையும் மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் அவருடைய மகன், பள்ளிக்கூடப் பையன், சும்மா நின்றுகொண்டிருந்தவன், பாடிக்கு அடியில் தொங்கின ஸ்டெப்னியை எட்டி உதைத்தான். 'டக்'. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ஸ்டெப்னியைத் தாங்குகிற சங்கிலி ஒரு கண்ணி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் கூலியை நான் வாங்கவில்லை. சாமான் காசு அவருக்குப் போனது போனதுதான்.

அதனால் முதலில் தொங்குவதையும் ஆடுவதையும் அடக்குங்கள். ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். பின் டோரைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள், கொக்கியை நம்பாதீர்கள். சீட்டுக்குப் பின்னால் கிடக்கிற ஜாக்கி, லீவர், ஸ்பேனர் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சைலன்சர் பைப்பைத் தாங்குகிற ரப்பர் அறுந்திருக்கிறதா, ஹேண்ட் பிரேக் கேபிள் அச்சில் தட்டுகிறதா என்று பாருங்கள். சக்கர நட்டைச் சரிபாருங்கள். அப்புறம் அதே குழி ரோட்டில் காலி வண்டியை ஓட்டுங்கள். லோடு இருக்கும்போது வண்டி குதிப்பதே குறைவு என்பதால் இந்தத் தொங்கல் சாமான்களும் லோடில் வாயை மூடிக்கொள்ளும், காலியில் ஆடும். பட்டைச் சத்தம் மாதிரியே ஏமாற்றும்.

இன்னொன்று. இடது பக்கம் என்கிறீர்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். சேசிஸ் இரும்பு சத்தத்தை எங்கிருந்தும் எங்கேயும் கொண்டுபோகும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்டால் திசை தப்பும். செல்போனை ரெக்கார்டிங்கில் போட்டு, ஒரு துணியில் சுற்றி, பாடிக்குள் இடது சக்கரத்துக்கு நேர் மேலே டேப் போட்டு ஒட்டிக்கொண்டு ஒரு ரவுண்டு போய் வாருங்கள். அப்புறம் வலது பக்கம் ஒட்டிக்கொண்டு அதே ரோடு, அதே வேகம். எதில் சத்தம் பெரிசோ அந்தப் பக்கம் தேடுங்கள்.

இப்போது அந்த இருபது நாளுக்கு வருவோம். பட்டையின் நுனியைச் சுருட்டிக் கண் செய்திருப்பார்கள். கண்ணுக்குள் ரப்பர், ரப்பருக்குள் ஒரு இரும்புக் குழல், குழலுக்குள் போல்ட். நட்டை முழுசாக இறுக்கினதும் அந்தக் குழல் ஷேக்கிள் தகட்டோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் பட்டை ஏறி இறங்குவதை எல்லாம் ரப்பர் தன் முறுக்கத்தில் வாங்கிக்கொள்ளும். சறுக்காது, உருளாது, முறுக்கி மட்டும் கொடுக்கும். நிறையப் பேர் என்ன செய்கிறார்கள் என்றால், சேசிஸை ஜாக்கியில் தூக்கி, அச்சு கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே புது புஷ் போட்டு, அங்கேயே நட்டையும் கடைசி வரை முறுக்கிவிடுகிறார்கள். வண்டி தரைக்கு வந்ததும் பட்டை நிமிர்கிறது, ரப்பர் பாதி முறுக்கிலேயே மாட்டிக்கொள்கிறது. லோடு ஏற்றினால் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இன்னும் முறுக்கு. இருபது நாளில் கிழியாமல் என்ன செய்யும்?

நான் செய்கிற முறை இது. போல்ட்டைச் செருகி, நட்டைக் கையால் சேர்கிற வரை மட்டும் சுற்றுவேன். ஜாக்கியை இறக்கி, நாலு சக்கரமும் தரையில் நிற்க, பின் பம்பரில் ஏறி நின்று நாலு தடவை ஆட்டுவேன். வண்டி அதன் இயல்பான உயரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. இதற்கு ஐந்து நிமிஷம் கூடுதலாகப் பிடிக்கும், வண்டிக்கு அடியில் முதுகு வலிக்கும். அந்த வலிக்குத்தான் கூலி.

உங்கள் வண்டியில் கிழிந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். டார்ச் அடித்து ஷேக்கிளின் மேல் போல்ட், கீழ் போல்ட், பட்டையின் முன் கண், மூன்றையும் பாருங்கள். ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கி நாக்கு நீட்டினால் முடிந்தது. போல்ட் தலையைச் சுற்றி மிளகாய்ப்பொடி தூவின மாதிரி சிவப்பாகத் துரு இருந்தால், அங்கே இரும்பு இரும்போடு அரைபடுகிறது. தகட்டில் ஒரு இடம் மட்டும் வெள்ளிக்காசு மாதிரி மினுங்கினால் அங்கேதான் உரசல். கடப்பாரையை ஷேக்கிளுக்கும் சேசிஸுக்கும் நடுவில் கொடுத்து லேசாக நெம்பினால் நல்ல புஷ் மெதுவாகக் கொடுத்துத் திரும்பும். கிழிந்தது 'டக்' என்று அடித்துக் காட்டும். நீங்கள் ரோட்டில் கேட்கிற அதே 'டக்'.

புஷ் மாற்றும்போது ஷேக்கிள் தகட்டின் ஓட்டையையும் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டியது முட்டை மாதிரி நீண்டிருந்தால் தகட்டையும் மாற்றத்தான் வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு இருபது நாள்தான்.

கேள்வி: எங்கள் டாட்டா ஏஸ் பழைய வண்டி, கொய்யா ஏற்றத்தான். மெதுவாகப் போனாலும் பின்னால் 'கீச் கீச்' என்று பழைய கட்டில் மாதிரி சத்தம். வாட்டர் சர்வீஸ் விட்டால், கழுவி முடித்துப் பழைய ஆயிலும் டீசலும் கலந்து அடியில் அடித்துத் தருகிறார்கள். ஒரு வாரம் சத்தமில்லை. மறுபடி ஆரம்பித்துவிடுகிறது. வாரா வாரம் அடிக்க முடியுமா?
— ஆயக்குடி வாசகி

பதில்: அடிக்கவே வேண்டாம் அம்மா. அந்தப் பழைய ஆயில் வழக்கம் எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம். நானும் சின்ன வயதில் பம்பைப் பிடித்து அடித்திருக்கிறேன், மறைக்கவில்லை. இரும்புக்குத் துரு பிடிக்காது என்பது ஓரளவு உண்மை. ஆனால் புஷ் ரப்பரில் ஆயில் பட்டால் ரப்பர் ஊதி, மெத்தென்று ஆகி, சீக்கிரம் பிய்ந்துபோகும். பட்டைக்கு நடுவில் போன ஆயிலில் ரோட்டு மண் ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். பிரேக் டிரம்முக்குள் நாலு சொட்டு இறங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கீச்சென்கிறது பட்டையா, புஷ்ஷா என்று பிரியுங்கள். ஒரு வாளி தண்ணீர் போதும். சத்தம் வருகிற நேரத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு பக்கப் பட்டை நுனிகளின் மேல் மட்டும் நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய், காய்ந்ததும் திரும்பி வந்தால் பட்டைக்குப் பட்டை உரசுகிறது. போகாவிட்டால் ஷேக்கிள் புஷ்ஷில் ஊற்றிப் பாருங்கள். ஒரு இடம் ஊற்றினால் ஒரு தரம் ஓட்ட வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஊற்றினால் ஒன்றும் தெரியாது.

பட்டைதான் என்றால் வேலை இருக்கிறது, ஆனால் ஒரு தடவை செய்தால் ரொம்ப நாள் வரும். கட்டு முழுவதையும் இறக்கிப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுக்க வேண்டும். ஒரு பட்டையின் நுனி அதன் மேல் பட்டையில் உரசி உரசி அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும், விரலை வைத்துத் தடவினாலே தெரியும். அந்தப் பள்ளத்தின் விளிம்பு கூராக இருந்தால் தேய்த்து மழுப்ப வேண்டும், ஏனென்றால் பின்னால் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். சில வண்டிகளில் பட்டை நுனிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் வில்லைகள் வைத்திருப்பார்கள். அவை தேய்ந்து விழுந்துபோயிருந்தால் புதிது போட வேண்டும். அப்புறம் கிராஃபைட் கிரீஸ் மெல்லிசாகத் தடவி அடுக்க வேண்டும். ரப்பர் புஷ் பக்கம் அந்தக் கிரீஸைக் கொண்டுபோகக் கூடாது. பித்தளை புஷ்ஷும் கிரீஸ் நிப்பிளும் உள்ள வண்டிக்குத்தான் அங்கே கிரீஸ் வேண்டும்.

பிரித்த பட்டையைப் பிரித்த அதே வரிசையில் தரையில் அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். பட்டைகளை அச்சோடு சேர்த்து இறுக்குகிற யூ போல்ட் நாலும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஒரு தடவை முழு முறுக்கு வாங்கி நீண்ட யூ போல்ட்டைத் திரும்பப் போட்டால் அதே பிடி கிடைக்காது.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். எனது பட்டாவில் பின்பக்கம் சத்தம். மரக்கறி ஏற்றித் தம்புள்ளைக்குப் போய் வருகிறனான். நின்ற இடத்தில் இருந்து வெளிக்கிடும்போது ஒருதரம் 'டக்' என்று அடிக்கிறது. ரிவேர்ஸ் எடுத்துவிட்டு முன்னுக்குப் போட்டாலும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது பள்ளத்தில் விழுந்தாலும் சத்தம் இல்லை. ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லிக் கராஜில் சொல்கிறார்கள்.
— கிளிநொச்சி வாசகர்

பதில்: முதலில் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாலுகா ஆபீஸில் பட்டா என்றால் நிலத்துக்கான சீட்டு. பட்டறைப் பேச்சில் பட்டா என்றால் ஸ்பிரிங் பட்டை. உங்கள் ஊரில் டாட்டா ஏஸ் வண்டிக்கே பட்டா என்று பெயராம். இங்கே அதைக் குட்டி யானை என்போம். "எனது பட்டாவில் சத்தம்" என்று படித்துவிட்டு, எந்தப் பட்டை, முதலாவதா இரண்டாவதா என்று கொஞ்ச நேரம் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பள்ளத்தில் சத்தமில்லை, கிளம்பும்போதும் முன்-பின் மாற்றும்போதும் மட்டும் ஒரே ஒரு அடி. இது எடை பற்றிய சத்தமில்லை, இழுப்பு பற்றிய சத்தம். எஞ்சின் இழுக்கிற திசை மாறும்போது எங்கோ ஒரு பிளே, அதாவது லூஸ், சுருங்கி அடிக்கிறது. இதற்கு ஸ்பிரிங்கை மாற்றினால் காசுதான் போகும்.

முதல் சந்தேகம், எஞ்சினின் இழுப்பைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் இருக்கிற சிலுவை மாதிரி மூட்டு, கிராஸ் ஜாயின்ட். சமதரையில் எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். ஜாயின்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை பிடித்து எதிரும் புதிருமாகத் திருகுங்கள். ஷாஃப்ட் மொத்தமாக ஒரு துளி திரும்பினால் பயப்பட வேண்டாம், அது பின் அச்சுக்குள் இருக்கிற கிரவுன் பல்சக்கரத்தின் பல்லுக்கு நடுவில் இருக்க வேண்டிய பிளே. இரண்டு கைக்கும் நடுவில், கிராஸ் உட்கார்ந்திருக்கிற கப்பில் அசைவு தெரிந்தால், அல்லது கப்பைச் சுற்றிச் சிவப்புத் துரு கசிந்திருந்தால், அதுதான் ஆள். மெதுவாக உருட்டும்போது 'சிக் சிக்' என்று சிட்டுக்குருவிச் சத்தம் வந்தாலும் அதேதான், உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது.

ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் ஜாயின்ட்டின் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அதே கோட்டில் திரும்ப மாட்டாவிட்டால், போட்ட கிராஸ் புதிதாக இருந்தும் வண்டி அதிரும்.

ஜாயின்ட் நன்றாக இருந்தால் இரண்டாவது சந்தேகம் யூ போல்ட். அது தளர்ந்தால் அச்சு பட்டையின் மேல் முன்னும் பின்னும் சறுக்கும், கிளம்பும்போது ஒரு அடி, பிரேக் பிடிக்கும்போது இன்னொரு அடி. பிரேக்கிலும் அடிக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, கவனித்துப் பாருங்கள். அப்படி ஓடவிட்டால் பட்டைகளைக் கோத்திருக்கிற சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு, அச்சு ஒரு பக்கம் பின்னால் போய்விடும். வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்துப் போகும். பட்டையின் முன் கண்ணிலிருந்து அச்சின் நடு வரைக்கும் இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்தால் தெரியும். ஒரு விரல் கனம் வித்தியாசம் இருந்தால்கூட ஓட்டாதீர்கள்.

கேள்வி: மன்னவனூரில் இருந்து கேரட், பூண்டு ஏற்றி வத்தலக்குண்டு இறங்குவேன். பிக்கப் பின்னால் உட்கார்ந்து பம்ப் ஸ்டாப்பர் (அச்சு சேசிஸில் மோதாமல் தடுக்கிற ரப்பர்) இடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு எக்ஸ்ட்ரா பட்டை போட்டேன், இடி நின்றது. ஆனால் காலியில் மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் குதித்து வெளியே போகப் பார்க்கிறது. பட்டையைக் கொஞ்சம் சாஃப்ட் ஆக்க வழி உண்டா?
— 26 வயது டிரைவர், கொடைக்கானல் மேல்மலை

பதில்: உண்டு தம்பி. போட்ட இரண்டையும் கழற்றுங்கள்.

கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பம்ப் ஸ்டாப்பர் இடித்தது பட்டையின் குற்றமா, எடையின் குற்றமா என்று நீங்கள் எழுதவே இல்லை. வண்டியின் ஆர்.சி.யில் ஒரு எடை போட்டிருக்கும். 1.7 டன் வண்டி என்றால் 1,700 கிலோ சரக்கு. அதற்குள் ஏற்றியும் இடித்தால் உங்கள் பட்டைகள் உட்கார்ந்துவிட்டன, அதே அளவில் புதுக் கட்டு போட வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் இடிக்கத்தான் செய்யும், அது எச்சரிக்கை மணி. நீங்கள் மணியின் நாக்கை அறுத்துவிட்டீர்கள். பட்டை கூடினதால் அச்சு ஹவுசிங்கோ, பேரிங்கோ, டயரோ, பிரேக்கோ ஒரு கிலோ கூடத் தாங்கப் போவதில்லை.

மலையில் இன்னும் ஒரு ஆபத்து. நிறைய பிக்கப்பில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பியோ ஸ்பிரிங்கோ போய் ஒரு வால்வில் மாட்டியிருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும், காலியில் குறைத்துக் கொடுக்கும். எக்ஸ்ட்ரா பட்டை போட்டு உயரத்தைத் தூக்கிவிட்டால், லோடு நிறைய இருக்கும்போதும் வால்வு வண்டி காலி என்றே நினைக்கும். முழு லோடோடு வத்தலக்குண்டு இறக்கத்தில் பின் பிரேக் குறைவு என்றால் முன் பிரேக் காய்ந்து புகையும். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருக்கிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

குதிப்பதற்கும் காரணம் இதுதான். காலியில் பட்டை வளைய மறுத்தால், சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளும். வளைவில் துள்ளின டயருக்குப் பிடி ஏது?

பணக் கணக்கும் சொல்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் அதிக எடைக்கு 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. அதிகப்படியை இறக்கி வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும். பூண்டு மூட்டையை நடு ரோட்டில் யாரிடம் கொடுத்துவிட்டு வருவீர்கள்?

கழற்றும்போது பழைய பட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, சென்டர் போல்ட் ஓட்டையைச் சுற்றி நன்றாகப் பாருங்கள். பட்டை முறிவது பெரும்பாலும் அங்கேதான். தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தாலும் அந்தப் பட்டை வேண்டாம். எக்ஸ்ட்ரா பட்டைக்காக நீளமான யூ போல்ட் போட்டிருப்பார்கள், அதைத் திரும்பப் போடாமல் சரியான நீளத்தில் புதிது வாங்குங்கள். நாலு நட்டையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடினதும் வந்து மறுபடி ஒரு தரம் இறுக்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது முறுக்குக்கு வருகிற ஆள் என் பட்டறையில் பத்தில் ஒருத்தர்கூட இல்லை. அப்புறம் சென்டர் போல்ட் போச்சு என்று வருவார்கள்.

கேள்வி: முறிந்த பட்டையை வெல்டிங் வைத்து ஓட்டலாமா? மெயின் பட்டை இல்லை, மூன்றாவது.
— வேடசந்தூர் வாசகர்

பதில்: கூடாது. ஸ்பிரிங் இரும்பு பக்குவம் பண்ணின இரும்பு. வெல்டிங் சூடு பட்ட இடம் கண்ணாடி மாதிரி விறைத்துக்கொள்ளும், அதற்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். கேஸ் வைத்துச் சூடாக்கி வளைவு எடுப்பதும் அப்படித்தான், பக்குவம் போய்விடும், ஒரு மாதத்தில் திரும்பப் படுத்துக்கொள்ளும். நான் திண்டுக்கல்லில் ஸ்பிரிங் பட்டறையில் வேலை கற்றபோது சூடு வைக்காமல் பச்சை இரும்பாகவே வைத்துச் சம்மட்டியால் தட்டித் தட்டி வளைவு எடுப்பார்கள். இரண்டு பேர் எதிரெதிராக நின்று மாறி மாறி அடிப்பார்கள், தாளம் தப்பினால் கை போகும். முறிந்த துண்டை எறிய வேண்டாம். அரிவாள் அடிக்கிறவர்கள் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்கள், திருப்பாச்சி அரிவாளில் பாதி நம் ஊர் லாரிகள்தான்.

கேள்வி: 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பின்னால் 'ஊ...ம்' என்று இரைச்சல். இதுவும் சஸ்பென்ஷனா?
— தாராபுரம் வாசகர்

பதில்: இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு குரல், விட்டால் வேறு குரல் என்றால் கிரவுன், பினியன் பக்கம் பாருங்கள். மிதித்தாலும் விட்டாலும் ஒரே குரல், வேகத்துக்குத் தகுந்தபடி மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் சக்கர பேரிங். காலி ரோட்டில் மெதுவாக இடமும் வலமும் ஒடித்துப் பாருங்கள், வண்டி வலது பக்கம் சாயும்போது இரைச்சல் கூடினால் வலது பேரிங்கிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன்னால் டயரைத் தடவிப் பாருங்கள். படி படியாகத் தேய்ந்த டயரும் பேரிங் மாதிரியே இரையும்.

கேள்வி: ஷாக் அப்சார்பர் போய்விட்டதா என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி? காரில் செய்கிற மாதிரி அமுக்கிப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை.
— நத்தம் வாசகர்

பதில்: புரியாது. பிக்கப்பின் பின் பட்டை கையால் அமுக்கினால் அசையவே அசையாது. குண்டும் குழியுமான ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கின உடனே இரண்டு ஷாக் அப்சார்பரையும் தொட்டுப் பாருங்கள். சைலன்சரில் கை படாமல் ஜாக்கிரதை. வேலை செய்கிறது வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்று சூடு, ஒன்று சில்லென்று இருந்தால் சில்லென்று இருப்பது சும்மா தொங்குகிறது. உடம்பெல்லாம் ஆயில் வடிந்து மண் அப்பியிருந்தாலும் முடிந்தது. மேல் நட்டையும் கீழ் நட்டையும் ஒரு தரம் இறுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள்.

ஒரு விஷயம் எல்லோருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். செங்கல் அடுக்கி முட்டுக் கொடுக்கிற வேலையும் வேண்டாம், செங்கல் சொல்லாமல் உடையும். இரும்பு ஸ்டாண்டு இரண்டு, சக்கரத்துக்குக் கட்டை இரண்டு, இது இல்லாமல் யாரும் குனிய வேண்டாம்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன்னால் உங்களிடம் வந்து யூ போல்ட் மாற்றினேன். அதற்குப் பிறகு வளைவில் மட்டும் 'கிளிங்' என்று ஒரு சத்தம். போன வாரம் நானே வண்டியைக் கழுவும்போது சேசிஸ் சேனலுக்குள் ஒரு 17-ம் நம்பர் ஸ்பேனர் கிடந்ததை எடுத்தேன். சத்தம் நின்றுவிட்டது. யாருடையது என்று தெரியவில்லை.
— சத்திரப்பட்டி வாசகர்

பதில்: ஆறு மாதமாகப் பையன்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த லோடுக்கு மார்க்கெட் வரும்போது கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். டீ என் செலவு.